ஆயில் கலரில் வெள்ளைப் பூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆயில் கலர் பழகுகிறவர்கள் ஒரு வெள்ளைப் பூவை அசலாக வரைய உட்காரும்போது கேட்கும் கேள்விகள் இவை. பென்சிலில் ஓரளவு வரைய வரும், ஆயில் டியூபைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்ற அளவில் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் முறை வரைய எந்தப் பூ நல்லது? மல்லிகையில் தொடங்கலாமா?

ஒற்றை நந்தியாவட்டையில் தொடங்குங்கள். அடுக்கு வகை வேண்டாம். ஐந்து இதழ் கொண்ட ஒற்றைதான் பழக ஏற்றது. அதன் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சற்று முறுக்கிக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு இதழும் வெளிச்சத்தை ஒவ்வொரு கோணத்தில் வாங்கும். ஒன்று பளிச்சென்று இருக்கும், அடுத்தது பாதி நிழலில் இருக்கும், இன்னொன்று முழுக்க மங்கியிருக்கும். ஒரே பூவில் இத்தனை விதமான வெள்ளை கிடைப்பது பழகுகிறவருக்குப் பெரிய வசதி. கூடவே கரும்பச்சை இலையும் வருவதால் பின்னணிக்கு அலைய வேண்டியதில்லை. காம்பை ஒடித்தால் பால் வடியும். அதைத் துடைத்துவிட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

மல்லிகை மேல் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அது சின்னப் பூ. மொட்டாக வாங்கி வந்தால் நீங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே மாலையில் விரிந்து உருவம் மாறிவிடும். கை கொஞ்சம் படிந்த பிறகு எடுங்கள். அதற்கு முன் சம்பங்கி, கள்ளிமந்தாரை இரண்டையும் வரைந்து பாருங்கள். சம்பங்கிக்கு இதழ் தடிமன், சீக்கிரம் வாடாது. கள்ளிமந்தாரையில் நடுவிலிருக்கும் மஞ்சள் எந்த இடத்தில் முடிந்து எந்த இடத்தில் வெள்ளை தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. அந்த மாற்றத்தைக் கோடு விழாமல் கொண்டுவருவது நல்ல பயிற்சி. கடற்கரைப் பக்கம் புன்னை மரம் இருந்தால் அதன் பூவையும் விடாதீர்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கேசரக் கொத்துமாகப் படத்துக்கென்றே அமைந்த பூ அது.

பூ எங்கே வாங்குவது? வரைந்து முடிக்கும் வரை தாங்குமா?

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பெரிய மார்க்கெட் இருக்கிறதே, கூபேர் மார்க்கெட். காலையிலேயே போனால் சம்பங்கியை உதிரியாகப் பொறுக்கி எடுக்கலாம். நந்தியாவட்டை வாங்குகிற பூ அல்ல, பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும். கேட்டுவிட்டுப் பறியுங்கள். ஒரே செடியிலிருந்து மூன்று நான்கு பூ எடுத்துக்கொண்டால் ஒன்று வாடினாலும் அதே பக்கம் திருப்பி இன்னொன்றை வைத்துத் தொடரலாம். மின்விசிறிக் காற்று நேராகப் பூவில் படக்கூடாது. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த பூ மதியத்துக்குள் சுருண்டுவிடும்.

டியூபிலிருக்கும் வெள்ளையை நன்றாகத்தான் பூசுகிறேன். ஆனாலும் காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறதே, ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், இந்தப் பக்கத்தில் முக்கியமானதும் இதுதான். பூ வெள்ளை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறீர்கள், கண்ணில் படுவதை வரையவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சாம்பல் நிற அட்டை ஒன்றில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளை வழியாக நந்தியாவட்டையின் நிழல் பக்கத்து இதழை மட்டும் பாருங்கள். மற்ற இதழோ இலையோ தெரியக்கூடாது. இப்போது தெரிகிற நிறம் வெள்ளையே அல்ல. அட்டைக்குச் சமமான சாம்பலாக இருக்கும், சில நேரம் அட்டையைவிடக் கறுத்தும் இருக்கும். லேசான நீலமோ பச்சையோ ஓடும். துளையை மெல்ல நகர்த்தி வெளிச்சம் படும் இதழுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் கொஞ்சம் மஞ்சள் கலந்திருப்பது தெரியும். கலப்பே இல்லாத வெள்ளை என்று சொல்லத்தக்க இடம் இதழ் மடிந்து வெளிச்சத்துக்கு நேராக நிற்கும் ஓரத்தில் ஒரு கீற்று இருந்தால் அதிகம்.

காரணம் எளிது. சூரிய வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. நம் கையில் இருக்கும் மிகப் பிரகாசமான பெயின்ட் டைட்டானியம் வெள்ளை, அது வெறும் பெயின்ட். பூ முழுக்க அதைப் பூசிவிட்டால் அதற்கு மேல் பிரகாசம் காட்ட கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால்தான் தட்டையாகத் தெரிகிறது. பூவின் வெளிச்சப் பக்கத்தையே வெள்ளையிலிருந்து ஒரு படி இறக்கி வையுங்கள். நிழல் பக்கத்தை அதிலிருந்து மூன்று நான்கு படி இறக்குங்கள். அந்தக் கடைசிக் கீற்றுக்கு மட்டும் சுத்த வெள்ளை. 'இவ்வளவு கறுப்பாக வைத்தால் பூ அழுக்காகத் தெரியாதா' என்று கை தயங்கும். துணிந்து வையுங்கள். பக்கத்தில் இலையின் கரும்பச்சை வந்ததும் அந்தச் சாம்பல் வெள்ளையாக மாறித் தெரியும்.

நிழலுக்கு என்ன கலக்க வேண்டும்? கறுப்பு சேர்க்கலாமா?

கறுப்பு சேர்த்தால் குற்றம் ஒன்றும் இல்லை. ஐவரி பிளாக்கும் வெள்ளையும் சேர்ந்தால் நீலம் சாய்ந்த ஒரு சாம்பல் வரும், சில இடத்துக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் எல்லா நிழலுக்கும் அதையே வைத்தால் பூவில் உயிர் இருக்காது. பழகும்போது கறுப்பை எடுத்து வைத்துவிட்டு அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா இரண்டையும் கலந்து பழகுங்கள். இரண்டும் சரியளவில் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்பே வரும். அதில் வெள்ளையைச் சேர்த்தால் சாம்பல். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான சாம்பல். ஒரே கலவையை இரண்டு பக்கமும் சாய்க்கலாம் என்பதுதான் இதன் அருமை.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைப் பூவைச் சுற்றி இருப்பவைதான் சொல்லும். வெள்ளை இதழ் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். வெள்ளை நகரத்துத் தெருக்களில் ரொமேன் ரோலண்ட் வீதி, துய்மா வீதிப் பக்கம் மஞ்சள் பூசிய மதில்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மதிலில் வெயில் அடிக்கும் நேரத்தில் அதன் முன்னால் நிற்கும் வெள்ளைப் பூவின் நிழல் பக்கத்தை உற்றுப் பாருங்கள். அது சாம்பலாக இருக்காது, தேன் கலந்த மஞ்சளாக இருக்கும். அங்கே யெல்லோ ஓக்கர் வேண்டும். அதே பூவைத் திறந்த மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் நிழலில் வானத்து நீலம் ஏறும். இலைக்கு மேலே குனிந்திருக்கும் இதழின் அடிப்பக்கத்தில் பச்சை. சிவப்புத் தரையில் வைத்த குவளை என்றால் கீழ் இதழில் இளஞ்சிவப்பு.

பொதுவாக ஒன்று சொல்லலாம். நேர் வெயில் மஞ்சளாக விழுந்தால் நிழல் நீலம் சாயும். ஜன்னல் வழியாக வரும் வான வெளிச்சம் நீலமாக இருந்தால் நிழல் பழுப்புப் பக்கம் சாயும். இதை மனப்பாடம் செய்து வரையாதீர்கள். துளை போட்ட அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் வெள்ளை, ஜிங்க் வெள்ளை, எதை வாங்குவது?

டைட்டானியம். அது நன்றாக மூடும், நச்சு கிடையாது. ஓவியர்கள் கைக்கு அது வந்ததே 1920களை ஒட்டித்தான். அதற்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் ஈய வெள்ளையில் வந்தவை. 1882இலும் 1883 தொடக்கத்திலும், நோயில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மானே சின்னச் சின்னக் குவளைகளில் வரைந்த லைலாக், ரோஜா எல்லாம் அந்தக் காலத்தவை. ஈய வெள்ளையில் வரும் படலம் வலுவானது, நிறமும் இதமானது. ஆனால் ஈயம் நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஜிங்க் வெள்ளை மெல்லியது, ஊடுருவித் தெரியும், இதழின் நயத்துக்கு ஏற்றது என்று பலர் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் எண்ணெயில் அது நாளாக ஆக நொறுங்கும் தன்மை அடைகிறது. வெடிப்பு விடும், கீழ்ப்படலத்திலிருந்து பெயர்ந்தும் வரும். டைட்டானியம் என்று பெயர் போட்ட சில டியூபிலும் ஜிங்க் கலந்திருக்கும். டியூபின் பின்னால் பி.டபிள்யூ. 6 என்று மட்டும் இருந்தால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றும் சேர்ந்திருந்தால் ஜிங்க் இருக்கிறது. திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வேறு என்னென்ன கலர் வேண்டும்?

அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, சாப் கிரீன், ஒரு குளிர்ந்த சிவப்பு. இவ்வளவு போதும். அலிசரின் கிரிம்சன் வாங்குவதானால் 'பெர்மனன்ட்' என்று போட்டதை வாங்குங்கள், பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கேமல் டியூபிலேயே தாராளமாகப் பழகலாம். காசு கூடச் செலவழிக்க முடிந்தால் வெள்ளைக்குச் செலவழியுங்கள், அதுதான் சீக்கிரம் தீரும்.

பின்னணிக்கு என்ன நிறம்? கறுப்பாக வைத்தால் பூ எடுப்பாகத் தெரியுமே?

தெரியும். ஆனால் முழுக் கறுப்பு வைத்தால் பூ அதில் மிதக்கும், எங்கும் நிற்காது. 1839இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நிறங்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். பாரிஸில் கோப்ளென் நெசவு ஆலையின் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர் அவர். ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று அதில் விளக்கினார். வெள்ளைப் பூ வரைகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடையாது. பின்னணியில் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் சற்று வெளுத்தும் இருக்கட்டும். வெளிச்சப் பக்கத்து இதழுக்குப் பின்னால் அடர்ந்த நிறம், நிழல் பக்கத்து இதழுக்குப் பின்னால் இடைநிறம். அப்போது இதழ் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு முன்னே வரும், மறுபக்கம் பின்னணியோடு கரையும். இலைகளின் நிறத்திலிருந்தே பின்னணியை எடுத்தால் படம் ஒட்டி நிற்கும்.

கேன்வாஸின் வெள்ளையையும் முதலிலேயே மறைத்துவிடுங்கள். பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் நீலம் சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் தேய்த்துவிடுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் மேல் நீங்கள் வைக்கும் எந்த இளநிறமும் கறுப்பாகத் தெரியும், கை தானாக வெளுக்கப் பார்க்கும். இடைநிறத் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் வரைய வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கிறதே?

அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே மதியச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக வராது, நாள் முழுக்க ஒரே சீரான வான வெளிச்சம் கிடைக்கும். நாம் இருப்பது ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் நான்காம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நமக்கு மதியச் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கிறது. மதியத்தில் உச்சியை ஒட்டி நிற்பதால் சன்ஷேடு மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும்தான் சிக்கல், வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து உள்ளே வரும். கத்திரி வெயிலில் வடக்கு ஜன்னலோரம் பூவை வைத்துவிட்டு, 'நிழல் ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது' என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அதனால் நம் ஊருக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடக்கு ஜன்னல் அருமையாக உழைக்கும். கோடை மாதங்களில் தெற்கு ஜன்னல் நல்லது. வடக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் நடுப்பகலில் வரையுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்கள். எந்த ஜன்னலாக இருந்தாலும் அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றதை மூடுங்கள், பூ இருக்கும் பக்கம் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் விழுந்தால் இதழில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத வெள்ளைப் பூவை யாராலும் வரைய முடியாது.

போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரையலாமா?

பூ வாடிவிடும், வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமும் இல்லை, வேறு என்ன செய்வது. எடுங்கள். ஆனால் போன் கேமரா இலையின் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இதழ் முழுக்க வெறும் வெள்ளையாகிவிடும். திரையில் பூவின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து, இதழின் நரம்பும் மடிப்பும் தெரிகிற அளவுக்கு இருட்டாக்கி எடுங்கள். இலைக்காக இன்னொரு படம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நிழலின் நிறத்தை மட்டும் படத்தை நம்பி வைக்காதீர்கள். பூ புதிதாக இருக்கும்போதே நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நிறம் கலந்து, ஒரு துண்டுக் கேன்வாஸில் தடவி வைத்துக்கொண்டால் மறுநாள் அதைப் பார்த்துக் கலக்கலாம்.

எந்த வரிசையில் வரைவது?

முதலில் நீர்த்த பழுப்பில் உருவம். இதழ்களைத் தனித்தனியாக வரையாமல் பூ முழுவதையும் ஒரே வடிவமாகப் பிடியுங்கள், வெளி எல்லை சரியாக இருந்தால் உள்ளே தானாக அமையும். அடுத்து பின்னணியும் இலையும். வெள்ளையைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. சுற்றி இருப்பது வந்தால்தான் பூவின் சாம்பல் எவ்வளவு என்று தெரியும். பிறகு நிழல் பக்கம் முழுவதையும் ஒரே நிறத்தில் மெல்லியதாக நிரப்புங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள், நிழல் ஒரே துண்டாகத் தெரிய வேண்டும். அதற்குள் நரம்பு, மடிப்பு எதுவும் இப்போது வேண்டாம்.

இதற்குப் பிறகு வெளிச்சப் பக்கம். இங்கே ஒரு இதழை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இதழ் தொண்டையிலிருந்து எழும் இடத்தில் லெமன் யெல்லோவை ஒரு துளி தொட்டுச் சாம்பலில் கலந்து வையுங்கள். அங்கிருந்து வெளியே வரவர நீலத்தைக் குறைத்து ஓக்கரை நூல் அளவு சேருங்கள். இதழின் முறுக்கு திரும்பும் இடத்தில் ஒரு இடைநிறம் இருக்கும், வெளிச்சமும் அல்ல நிழலும் அல்ல. பெரும்பாலான படங்கள் தட்டையாகப் போவது இந்த இடைநிறத்தை விட்டுவிடுவதால்தான். பிரஷ்ஷை இதழ் வளரும் திசையிலேயே, தொண்டையிலிருந்து நுனிக்கு இழுங்கள், குறுக்கே இழுத்தால் இதழ் மடங்கிய மாதிரி ஆகிவிடும். ஓரம் எழுந்து நிற்கும் இடத்தில், கெட்டித் தயிர் பதத்தில் வெள்ளையை எடுத்து ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வைத்ததைத் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் அடியில் இருக்கும் சாம்பல் ஏறி அந்தப் பளிச்சு போய்விடும்.

இதழைச் சுற்றிக் கோடு போடலாமா?

வேண்டாம். இதழின் எல்லை எல்லா இடத்திலும் ஒரே கூர்மையாக இருக்காது. வெளிச்ச இதழ் கருத்த இலைக்கு எதிரே வரும் இடம் கூர்மையாக இருக்கட்டும். நிழல் இதழ் நிழலான பின்னணியைத் தொடும் இடத்தை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாக ஒற்றி இரண்டையும் கலக்கவிடுங்கள். முக்கியமான கூர்மை பூவுக்கு இரண்டோ மூன்றோ இடத்தில் இருந்தால் போதும், பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

வெளிச்சம் இதழுக்குப் பின்னாலிருந்து ஊடுருவி வருவதை எப்படிக் காட்டுவது?

பின்னால் வெயில் இருந்தால் இதழ் விளக்கேற்றினாற்போல ஆகும். அந்த இடத்தில் வெள்ளையைக் கூட்டாதீர்கள், நிறத்தைக் கூட்டுங்கள். ஓக்கரும் லெமன் யெல்லோவும் கலந்த வெதுவெதுப்பான நிறம், அடியில் ஒரு இதழின் மேல் இன்னொரு இதழ் படியும் இடத்தில் மட்டும் இருண்ட ஒரு வடிவம். அந்த இரட்டை இதழ் இருட்டுதான் 'இது மெல்லியது' என்று சொல்கிறது. நேர் வெளிச்சத்தை நல்லபடியாக வரைய வந்த பிறகு இதை முயலுங்கள்.

மல்லிச் சரத்தை எப்படி வரைவது? ஒவ்வொரு மொட்டாகவா?

ஒவ்வொன்றாக வரைந்தால் முத்து கோத்த மாதிரி ஆகிவிடும். சரம் முழுவதும் ஒரு உருளை என்று எண்ணி, அதன் நிழல் பக்கத்தைப் பச்சை கலந்த ஒரே சாம்பலாக வையுங்கள். மொட்டுகளின் காம்பு தந்த பச்சை அது. வெளிச்சப் பக்கத்தில் முன்னால் இருக்கும் நாலைந்து மொட்டுக்கு மட்டும் நுனி, முதுகு, காம்பு எல்லாம் தெளிவாகக் கொடுங்கள். மற்றவை வெறும் தொடுகைகள். கட்டிய வாழைநார் எங்காவது ஓரிடத்தில் தெரியட்டும். மொட்டின் முதுகில் சில சமயம் ஊதா கலந்த சிவப்பு ஓடும், அதைத் தவறவிடாதீர்கள்.

பூவைப் பெரிதாக வரைந்தால் நம்பும்படி இருக்குமா?

இருக்கும், சொல்லப்போனால் பழகுவதற்குப் பெரிதுதான் எளிது. நம் ஊர் சாலையோரத்தில் நிற்கும் ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பூவை 1932இல் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் நான்கு அடி உயரக் கேன்வாஸில் தனியாக வரைந்தார். 2014 நவம்பரில் அது ஏலத்தில் 4 கோடியே 44 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு பெண் ஓவியரின் படத்துக்கு அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை. அவர் படத்தில் இதழின் நிறங்களை எளிமையாக்கியிருப்பார், அசல் போல வரைய விரும்புகிறவர்கள் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். ஆனால் வெள்ளைக்குள் எவ்வளவு பச்சையும் சாம்பலும் இருக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம். ஊமத்தையை வரைய எடுத்தால் பிறகு கையைக் கழுவுங்கள், செடி முழுக்க நஞ்சு.

லின்சீட் ஆயிலை ஹார்டுவேர் கடையில் வாங்கலாமா?

வேண்டாம். அங்கே கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கதவு ஜன்னலுக்கானது. சீக்கிரம் காய மருந்து சேர்த்திருப்பார்கள், படம் மஞ்சளாகும். டர்பன்டைனும் அப்படித்தான், பிசுபிசுப்பு விட்டுப்போகும். ஓவியத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள். வெள்ளைக்கு லின்சீடைவிட சாஃப்ளவர் அல்லது வால்நட் எண்ணெய் குறைவாக மஞ்சளாகும். ஆனால் காய அதிக நாள் எடுக்கும், படலமும் அவ்வளவு வலு இல்லை. அதனால் மேல் அடுக்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம் என்ற பழைய விதியை மீறினால் வெடிப்பு வரும்.

மழைக்காலத்தில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. பூஞ்சையும் பிடிக்கிறது. என்ன செய்வது?

ஆயில் கலர் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக் கெட்டியாகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் கடலோரத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வெளிச்சமும் குறைவு. டைட்டானியம் வெள்ளை இயல்பிலேயே மெதுவாகக் காயும். எல்லாம் சேர்ந்தால் நாள் இழுக்கத்தான் செய்யும். மெல்லியதாகப் பூசுங்கள். அவசரம் என்றால் ஆல்கிட் மீடியம் சில துளி கலக்கலாம்.

படத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். லின்சீட் எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெள்ளைப் பூவில் அது உடனே தெரியும். வெளிச்சமான அறையில் சில வாரம் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும், நேர் வெயில் வேண்டாம். மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். கேன்வாஸ் ஈரத்தில் தொய்ந்தால் பின்மூலையிலிருக்கும் சின்ன மர ஆப்புகளை மெல்லத் தட்டினால் இழுத்துக்கொள்ளும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் பிரைமர் அடித்த மரப்பலகையில் வரையலாம். சின்னப் பூ படத்துக்கு எனக்குப் பலகைதான் பிடிக்கும்.

எண்ணெய்த் துணியைக் குப்பையில் போடலாமா?

கசக்கிப் போடவே கூடாது. லின்சீட் ஆயில் காயும்போது சூடு உண்டாகிறது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். வரையும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். டர்பன்டைனைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இங்கே யாரிடம் கற்றுக்கொள்வது? எதைப் பார்ப்பது?

முறையாகப் படிக்க அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. பூக்களைப் பார்த்துப் பழக அரவிந்தர் ஆசிரமத்தைவிட நல்ல இடம் புதுச்சேரியில் இல்லை என்பது என் எண்ணம். அன்னை என்று நாம் சொல்லும் மீரா அல்ஃபாஸா பாரிஸில் ஓவியம் பயின்றவர். நூற்றுக்கணக்கான பூக்களுக்கு உட்பொருள் சுட்டும் பெயர் வைத்தவரும் அவர்தான். சம்பங்கிக்கு அவர் வைத்த பெயர் 'புதிய படைப்பு'. சமாதியில் பூக்களை அடுக்கும் விதத்தைப் பாருங்கள், நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் எப்படி வைப்பது என்று கண்ணுக்குப் புரியும். அங்கே வரையவோ படமெடுக்கவோ முயலாமல் அமைதியாகப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் வரையுங்கள்.

படம் முடிந்ததும் உடனே வார்னிஷ் அடிக்கலாமா?

ஆறு மாதமாவது பொறுங்கள். வெள்ளையைத் தடிமனாக வைத்திருந்தால் ஒரு வருடம். டம்மர் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிவிடும், வெள்ளைப் பூவுக்கு அது ஆகாது. செயற்கைப் பிசினில் செய்த, பின்னால் கழற்றக்கூடிய வார்னிஷ் கேட்டு வாங்குங்கள். பளபளப்பு வகை பின்னணியின் கருமையை ஆழமாக்கும், அதனால் பூ இன்னும் எழும்பித் தெரியும். மேட் வகை கருமையைச் சற்று வெளுக்கவைக்கும். மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் பட்டு மேலே பனி படர்ந்த மாதிரி வெண்மை பூக்கும். பொங்கல் கழிந்து, வானம் தெளிந்த ஒரு நாளில், படத்தை முதலில் மென்மையான துணியால் தூசு தட்டி, தரையில் படுக்கவைத்து அடியுங்கள். காயும் வரை மின்விசிறியைப் போடாதீர்கள், தூசு ஒட்டிக்கொள்ளும்.